தானே பழுது பார்த்தவருக்குப் பணம் திரும்புமா? ஒரு சிறு வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள். வீட்டில் கணினியோ லேப்டாப்போ வைத்திருப்பவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனி விற்ற கணினியில் ஒரு பாகம் செய்யும்போதே குறையோடு வந்திருக்கிறது. நமக்கு அது தெரியாது. பாகம் கெட்டதும் கைக்காசைப் போட்டு நாமே சரிசெய்துவிடுகிறோம். பல மாதம் கழித்து அந்தக் கம்பெனியே, "அந்த பேட்ச் பாகங்களில் குறை இருக்கிறது, கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்று அறிவிக்கிறது. அறிவிப்புக்குக் காத்திருந்தவருக்கு இலவசம். முந்திக்கொண்டு சரிசெய்தவர் செலவழித்த பணம் என்ன ஆகும்?

கேள்வி புதிதுபோலத் தோன்றும். ஆனால் நம் நாட்டுச் சட்டம் இந்த மாதிரிக் கேள்வியைக் கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே சந்தித்திருக்கிறது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 69-வது பிரிவு, ஒருவர் சட்டப்படி கட்டவேண்டிய பணத்தை, அதில் சொந்த நலன் உள்ள இன்னொருவர் கட்ட நேர்ந்தால், கட்டியவருக்கு அந்தப் பணம் திரும்பக் கிடைக்கவேண்டும் என்கிறது. ஜமீன்தார் கட்டாமல் விட்ட நிலவரியைக் குத்தகைக்காரர் கட்டி, நிலம் ஏலத்துக்குப் போகாமல் காப்பாற்றுவதைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. பத்தாண்டு கழித்து, 1882-இல் வந்த சொத்து மாற்றுச் சட்டம் நம் கேள்விக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதுவேலையை, குடியிருப்பவர் அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துகொள்ளலாம். அந்தச் செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம், அல்லது வேறு வழியில் வசூலிக்கலாம். 108-வது பிரிவில் இது இருக்கிறது.

அன்றைக்கு இந்தச் சட்டங்கள் நம் கணவாய்க்குக் கிழக்கே, பணகுடி வள்ளியூர்ப் பக்கம்தான் செல்லும். நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததை வகுப்பில் படித்தது நினைவிருக்கும். எல்லை எங்கே இருந்தாலும் சட்டம் கேட்ட மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வேலை செய்யும் கடமை இன்னொருவருக்கு இருக்கவேண்டும். இரண்டு, நாம் கைவைக்கும் முன் அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். மூன்று, செலவுக்குக் கணக்கு இருக்கவேண்டும். கடமை, அறிவிப்பு, கணக்கு. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு கணினிக்கு வருவோம்.

1994-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்களைப் பற்றிய ஒரு நீண்ட கணக்கைக் கணினியில் போட்டுக்கொண்டிருந்தார். விடை ஒத்துவரவில்லை. மாதக்கணக்கில் துருவிப் பார்த்து, பிழை தன் கணக்கில் இல்லை, கணினியின் இதயமான இன்டெல் பென்டியம் சிப்பில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். வகுத்தல் செய்ய அந்தச் சிப்புக்குள் ஒரு அட்டவணை உண்டு. அதில் இருக்கவேண்டிய சில எண்கள் விடுபட்டுப்போயிருந்தன. 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும். குறையுள்ள பென்டியம் 1.33373 என்று சொன்னது. நாலாவது தசம இடத்திலேயே தப்பு!

இன்டெல் அந்தக் குறையை அதே ஆண்டின் நடுவிலேயே தன் சோதனைகளில் கண்டிருந்தது, வெளியே சொல்லவில்லை. அக்டோபர் 30-ஆம் தேதி நைஸ்லி சிலருக்கு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு விஷயம் பரவியது. சாதாரணமாகக் கணினியைப் பயன்படுத்துபவருக்கு இந்தப் பிழை 27,000 ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்று கம்பெனி சமாதானம் சொன்னது. கடினமான கணக்குப் போடுகிறேன் என்று எடுத்துச் சொல்பவருக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றது. டிசம்பர் 12-ஆம் தேதி ஐபிஎம் நிறுவனம் அந்தச் சிப் உள்ள கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20-ஆம் தேதி இன்டெல் இறங்கிவந்து, கேட்பவர் எல்லாருக்கும் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவதாக அறிவித்தது. இதற்காக அது ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

அப்போது கணினியைத் திறக்கத் தெரிந்தவர்கள் புதிய சிப்பை வாங்கித் தாங்களே பொருத்திக்கொள்ளவும் இடம் இருந்தது. வாடிக்கையாளர் கையால் செய்யும் வேலையைக் கம்பெனி ஏற்றுக்கொண்டதற்கு இது நல்ல முன்னுதாரணம். ஆனால் அங்கே வரிசை சரியாக இருந்தது. முதலில் அறிவிப்பு, பிறகு பழுதுபார்ப்பு. வரிசை மாறினால்தான் வழக்கே பிறக்கிறது.

வரிசை மாறியவர்களைப் பற்றித் தெளிவாகப் பேசிய சட்டம் வாகனத் துறையில் வந்தது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும் வண்டியில் டயரின் மேல்பட்டை பிய்ந்து, வண்டி உருண்டு பலர் இறந்த விவகாரம் அது. அத்தனை டயர்களை உடனே மாற்றக் கையில் சரக்கு இல்லை. உயிருக்குப் பயந்தவர்கள் கடைக்குப் போய் வேறு கம்பெனி டயரை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அப்படி வாங்கிய டயர் ஒன்றுக்கு 100 டாலர் வரை தருவதாக ஃபயர்ஸ்டோன் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கையெழுத்தான ட்ரெட் சட்டம் இதைப் பொதுவிதி ஆக்கியது. திரும்பப் பெறும் அறிவிப்புக்குச் சற்று முன்பே சொந்தக் காசில் குறையைச் சரிசெய்தவர்களுக்கு அந்தப் பணத்தைத் திருப்பித்தரும் திட்டத்தையும் கம்பெனி வகுக்கவேண்டும்.

ஏன் இப்படி? 1882-இன் சட்டம் "முதலில் அறிவிப்புக் கொடு" என்றது. வீட்டு ஓடு உடைந்தால் குடியிருப்பவர் கண்ணுக்குத் தெரியும், அவர் அறிவிப்புக் கொடுக்கலாம். டயரின் உள்ளடுக்கில் இருக்கும் குறையோ, சிப்புக்குள் இருக்கும் குறையோ வாங்கியவர் கண்ணுக்குத் தெரியாது. அதை முதலில் அறியக்கூடியவர் செய்தவர்தான். அறிந்தவர் வாய்திறக்காமல் இருந்துவிட்டு, "நீ ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை?" என்று அறியாதவரிடம் கேட்பது நியாயம் ஆகாது. அறிவிப்புக் கொடுக்கும் சுமையில் ஒரு பங்கைச் சட்டம் செய்தவர் தோளுக்கு மாற்றியது. நான் பார்த்தவரையில் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் இதுதான்.

அந்த ஆண்டுகளில் கணினி உலகத்தில் கெப்பாசிட்டர் கோளாறு பரவியது. மதர்போர்டில் சின்ன டப்பா மாதிரி நிற்குமே, அதுதான் கெப்பாசிட்டர். உள்ளே இருக்கும் திரவம் சரியில்லாததால் மேல்மூடி உப்பி, பழுப்பு நிறத்தில் கசிந்து, கணினி திடீர் திடீரென்று நின்றுபோகும். 1999 முதல் சில ஆண்டுகள் பல கம்பெனிக் கணினிகளில் இது வந்தது. நாகர்கோவில் கடைகளில் அந்தக் காலத்தில் வேலைசெய்த நம் பையன்களைக் கேட்டால் சொல்வார்கள். "வோல்டேஜ் அடிச்சிருக்கும் அண்ணே" என்று பழியை மின்சாரத்தின் மேல் போட்டுவிட்டு, சால்டரிங் வைத்து இரண்டு கெப்பாசிட்டரை மாற்றினால் கணினி எழுந்து உட்காரும். கம்பெனிக் குறைக்கு நாம் மின்வாரியத்தைத் திட்டினோம்.

2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் கம்பெனி விற்றவற்றில் மட்டும் 1 கோடியே 18 லட்சம் கணினிகள் இந்த ஆபத்தில் இருந்தன என்பது, ஒரு வழக்கில் 2010-இல் நீதிமன்ற ஆவணங்கள் வெளியானபோது ஊருக்குத் தெரிந்தது. மதர்போர்டுகளை மாற்றித்தர அந்தக் கம்பெனி 2005-இலேயே 30 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. கேட்டவருக்கு மாற்று கிடைத்தது. தானே சால்டரிங் வைத்துக்கொண்டவர், கேட்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்பதையே அறியவில்லை.

அடுத்து 2008. என்விடியா கம்பெனியின் சில லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அடியில் உள்ள இணைப்பு விட்டுப்போயின. ஜூலை மாதம் கம்பெனியே 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவு ஒதுக்குவதாக அறிவித்தது. மதர்போர்டைக் கழற்றி அடுப்பு அவனில் சுட்டெடுத்து உயிர்கொடுத்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். சிரிக்காதீர்கள், பல பேருக்குச் சில வாரம் வேலை செய்தது. அமெரிக்காவில் கூட்டு வழக்குப் போட்டு 2010 இறுதியில் சமரசம் ஆனபோது, ஏற்கெனவே பணம் கொடுத்துப் பழுது பார்த்தவர்களும் செலவைத் திரும்பக் கேட்கலாம் என்று அதில் சேர்த்தார்கள். ஆனால் ஆதாரம் வேண்டும். மனுப்போடக் கடைசித் தேதியும் உண்டு. கடையில் கொடுத்துச் சரிசெய்தவர் கையில் பில் இருந்தது. அவனில் சுட்டவர் கையில் என்ன இருந்தது?

அதன் பிறகு கம்பெனிகள் தாமாகவே இந்த வாசகத்தைச் சேர்க்கத் தொடங்கின. 2015 பிப்ரவரியில் ஆப்பிள், 2011 முதல் 2013 வரை விற்ற சில மேக்புக் ப்ரோ லேப்டாப்புகளின் கிராபிக்ஸ் கோளாறை இலவசமாகச் சரிசெய்வதாகச் சொன்னபோது, முன்பே பணம் கட்டியவர்களுக்குத் திருப்பித்தரவும் ஏற்பாடு செய்தது. 2018 ஜூனில் கீபோர்டு கோளாறுக்கும் அப்படியே. அந்தக் கீபோர்டு விவகாரம் வழக்காகி 2022-இல் 5 கோடி டாலரில் சமரசம் ஆனது. பலமுறை மாற்றியவருக்கு 395 டாலர் வரை என்று பேச்சு. ஆனால் அது அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும். அதே கீபோர்டை சென்னையில் வாங்கியவர் அந்தக் கணக்கில் இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1986 டிசம்பர் 24-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறையுள்ள பொருளைச் சரிசெய்து கொடு, மாற்றிக் கொடு, விலையைத் திருப்பிக் கொடு, இழப்புக்கு ஈடு கொடு என்று மன்றம் உத்தரவிடலாம். பொருளைத் திரும்பப் பெறுதல் என்றால் என்னவென்று நம் மக்கள் பெரிய அளவில் பார்த்தது 2007 ஆகஸ்டில். நோக்கியா போனின் பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் சூடாகி உப்பலாம் என்று கம்பெனி அறிவித்தது. பேட்டரியைக் கழற்றி அதில் உள்ள 26 எழுத்தெண்களைச் சரிபார்க்க நாடே பரபரத்தது நினைவிருக்கும். பயந்துபோய் அன்றைக்கே கடையில் வேறு பேட்டரி வாங்கிக்கொண்டு, பழையதைக் குப்பையில் எறிந்தவர்களும் உண்டு. எறிந்தபோதே எண்ணும் போயிற்று, மாற்றுப் பேட்டரி கேட்கும் வழியும் போயிற்று.

2019-இல் புதிய நுகர்வோர் சட்டம் வந்து 2020 ஜூலையில் அமலானது. அதன் 20-வது பிரிவின்படி, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும், வாங்கியவருக்கு விலையைத் திருப்பித்தரவும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடலாம். வாகனங்களுக்கும் 2019 திருத்தத்தில் இதுபோல் ஒரு பிரிவு வந்தது. முழு விலை, அல்லது மாற்று வண்டி, அல்லது பழுதுநீக்கம். இரண்டு இடத்திலும், முன்பே கைக்காசு போட்டுச் சரிசெய்தவரைப் பற்றித் தனி வாசகம் இல்லை. ட்ரெட் சட்டம் எழுதிய வரி நம்மிடம் இன்னும் எழுதப்படவில்லை. அதனால் நம் ஊர்க்காரர் அந்தச் செலவை இழப்பீடாகத்தான் கேட்கவேண்டும், இழப்பை அவர்தான் நிரூபிக்கவேண்டும்.

இந்த வரலாற்றை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் மாணவர் ஒருவர், பெயர் வேண்டாம், ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்து ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கிறார். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் அவருடைய லேப்டாப் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தார். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. வெளியூர் அனுப்பவேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரம் கடையைப் பூட்டினால் அந்த ஆண்டு வருமானமே போய்விடும். 4,200 ரூபாய்க்குச் சார்ஜிங் போர்டை வரவழைத்து, ஒரு ராத்திரி உட்கார்ந்து தானே மாற்றிவிட்டார். எட்டு மாதம் கழித்துக் கம்பெனி அறிவிக்கிறது: அந்த பேட்சில் அந்தப் போர்டு குறையுள்ளது, இலவசமாக மாற்றித் தருகிறோம். இவர் செலவைக் கேட்டார். "நீங்களே திறந்துவிட்டீர்கள், உங்களுக்குப் பொருந்தாது" என்று பதில் வந்தது.

"விட்டுத் தொலைப்போமா சார்? நாலாயிரம் ரூபாய்தானே" என்றார். "மக்களே, உன்னிடம் என்னென்ன இருக்கிறது, அதை முதலில் சொல்" என்றேன். பணம் அனுப்பிய யுபிஐ பதிவு இருக்கிறது. போர்டு வந்த கூரியர் உறை இருக்கிறது. பழைய போர்டை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். எஸ்எம்எஸ் அழிக்கப்படவில்லை. கடமை யாருடையது என்பதைக் கம்பெனியின் அறிவிப்பே ஒத்துக்கொள்கிறது. அறிவிப்புக்கு எஸ்எம்எஸ். கணக்குக்கு யுபிஐ. 1882-இல் கேட்ட மூன்றும் பையனிடம் இருக்கிறது!

கம்பெனிகளின் கவலையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. திறந்தவர் கை தவறி வேறொன்றைக் கெடுத்திருந்தால் அதற்குச் செய்தவர் பொறுப்பாக முடியாது. பொருளை மாற்றியமைத்திருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ, அதனால் வந்த தீங்குக்கு விற்றவர்மேல் பொருள்பொறுப்பு வழக்கு நிற்காது என்று 2019 சட்டமே 87-வது பிரிவில் சொல்கிறது. ஆனால் நம் பையன் பழுதால் காயம்பட்டு ஈடு கேட்கவில்லை. கம்பெனி தானே ஒத்துக்கொண்ட குறையை நீக்க ஆன செலவைக் கேட்கிறார். இரண்டும் வேறு வேறு. திறந்தாலே உத்தரவாதம் போய்விடும் என்பதுபோன்ற நிபந்தனைகளை விதித்த ஆறு கம்பெனிகளை அமெரிக்க வணிக ஆணையம் 2018 ஏப்ரலில் எச்சரித்தது. நம் அரசும் 2022 டிசம்பர் 24-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. காலம் மெல்லத் திரும்புகிறது.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று. திருகாணியில் கைவைக்கும் முன் கம்பெனிக்கு ஒரு போன் அல்லது மின்னஞ்சல். புகார் எண்ணை எழுதி வையுங்கள். அவர்கள் எத்தனை நாள் கேட்டார்கள் என்பதும் சேரவேண்டும்.

இரண்டு. கழற்றிய பாகத்தை எறியாதீர்கள். குறை உண்டா இல்லையா என்று தகராறு வந்தால், மன்றம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அனுப்பப் பொருள் வேண்டுமே! பாகத்தின் எண் தெரியும்படி, தேதியோடு, கழற்றும் முன்பும் பின்பும் போட்டோ எடுங்கள்.

மூன்று. பில் இல்லாமல் பாகம் வாங்காதீர்கள். கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் பில் கேட்கக் கூச்சப்படவேண்டாம்.

நான்கு. முதலில் கம்பெனிக்கு ஒப்புகையோடு கடிதம். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ, வழக்குக்குக் காரணம் எழுந்த ஊரையோ பார்த்துப் போகவேண்டியிருந்தது. 2020 ஜூலை முதல் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வைத்திருக்கும் லேப்டாப் என்றாலும் நீங்கள் நுகர்வோர்தான். ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போகவேண்டும்.

நாஞ்சில் நாட்டில் எழுத்தைப் பாதுகாப்பது புதுப்பழக்கம் இல்லை. அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டில் நிலவிற்பனை, ஒற்றி, வரி, கடன் என்று எல்லாவற்றையும் ஓலையில் எழுதிக் காத்துவைத்தார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றை எடுத்து ஆராய்ந்தார், பிற்காலத்தில் அ.கா.பெருமாள் பதிப்பித்தார். நூற்றாண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் யார் யாருக்கு என்ன கொடுக்கவேண்டியிருந்தது என்று நமக்குத் தெரிவது அந்த ஓலைகளால்தான். கைவேலையில் நம் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. சீட்டை எடுத்துவைக்கும் பழக்கம் மட்டும் நடுவில் எங்கோ விட்டுப்போயிற்று.

நம் பையன் போன வாரம் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பிவிட்டார். பதில் என்ன வந்தாலும் இங்கே எழுதுகிறேன். உங்களில் வழக்கறிஞர்களாக இருப்பவர்கள், நுகர்வோர் ஆணையத்தில் வேலை பார்த்தவர்கள், இதில் சேர்க்கவேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்கள் இன்றே ஒரு உறையை எடுத்து, வீட்டில் உள்ள கணினி, போன் எல்லாவற்றின் பில்லையும் அதில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள்.